இரண்டு சிவப்பு நாற்காலிகள்

அந்தம்மா ஆபீஸுக்கு வந்தால், ஆள் தெரிவதற்கு முன்னால் கவுண்டரில் முருங்கைக்கீரை தெரியும். ஒரு கட்டு, பழைய தினத்தாளில் சுற்றி, நூல் போட்டுக் கட்டியது. அதைக் கம்பிக்கு இந்தப் பக்கம் தள்ளிவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவார். "எங்க தெருவுல மரம் நிக்குது சார். சும்மா கொட்டிக் கெடக்குது. வீட்ல குடுங்க." காரியம் ஆகவேண்டும் என்று கொடுப்பதில்லை. இன்றைக்கு ஆகாது, நாளைக்கு வாங்க என்று விரட்டினாலும் கீரையைத் திருப்பி எடுத்துப் போகமாட்டார். ஒருத்தரைப் பார்க்கப் போனால் வெறுங்கையோடு போகக்கூடாது. அவருக்கு அவ்வளவுதான்.

அந்தக் கீரையை நான் தின்றிருக்கிறேன். எத்தனையோ தடவை. இதை எழுத உட்கார்ந்தால் அதுதான் முதலில் தொண்டையில் வந்து நிற்கிறது.

தாம்பரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு சின்னத் தனியார் காலேஜ். இப்போது இல்லை, இடித்து அபார்ட்மெண்ட் கட்டிவிட்டார்கள். அதனால் பெயரைத் தேடி யாரும் அலைய வேண்டாம். இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் நான் அங்கே ஆபீஸில் டெம்பரரி கிளார்க். இருபத்தைந்து வயது. சட்டைப்பையில் இரண்டு பேனா, ஓட்டுவதற்கு ஒரு பழைய மொபெட், மண்டை நிறையக் கர்வம்.

அந்தம்மாவின் பெயர் எனக்குத் தெரியும். ஒரு படிவத்தில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். ஒரு தடவை எழுதிக் கெடுத்தது போதும், இங்கே எழுதவில்லை.

மகள் பெயர் நசீமா. எங்கள் காலேஜில் பி.காம். செம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு சந்தில் வீடு. நசீமாவின் அப்பா, அவள் சொல்வதுபோல அத்தா, பீரோ பட்டறையில் வேலை பார்த்தவர். அவள் பிளஸ் டூ படிக்கும்போது மாரடைப்பில் போய்விட்டார். அதற்கப்புறம் அந்தம்மா டெய்லர் கடைகளுக்கு ஜாக்கெட்டில் கொக்கி வைத்து, புடவைக்கு ஓரம் தைத்துக் கொடுத்துத்தான் குடும்பம் ஓடியது. இவ்வளவும் நசீமா சொல்லித் தெரிந்துகொண்டது. அந்தம்மாவைக் கேட்டால் ஒரே பதில்தான் வரும். "நல்லா இருக்கோம் சார். ஒரு குறையும் இல்ல."

ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணி இருக்கும். வேர்த்து விறுவிறுத்து வந்து கவுண்டரில் நின்றார். புடவைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, கீரையைத் தள்ளினார். முழங்கால்வரை புழுதி. பெஞ்சைக் காட்டி உட்காருங்கம்மா என்றேன். "பஸ்ஸுல உக்காந்துட்டுத்தானே தம்பி வரேன். காத்தோட்டமா சீட்டு கெடைச்சுது" என்றார். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எங்கள் சூப்ரண்டண்ட் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இன்னிக்கு பஸ் ஸ்ட்ரைக் ஆச்சேம்மா, எந்த பஸ்ஸும்மா வந்துச்சு?" என்று கேட்டார்.

அந்தம்மா ஒரு விநாடி கூடத் திணறவில்லை. "அதான் சார் கூட்டமே இல்ல" என்றார்.

ஆபீஸே சிரித்தது. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்தம்மாவும் சிரித்தார். செம்பாக்கத்திலிருந்து அந்த வெயிலில் நடந்தே வந்திருக்கிறார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், இந்த அம்மா 'இருக்கிறது' என்று சொன்னால் அங்கே ஒன்றும் இல்லை என்று அர்த்தம் என்பது அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் இருந்தது. பின்னால் நான் செய்ததற்குத் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் கிடையாது.

முதல் வருஷ ஃபீஸை அத்தாவோடு வேலை பார்த்த பட்டறை ஆட்கள் போட்டுக் கட்டிவிட்டார்கள். இரண்டாம் வருஷத்துக்கு யாரும் இல்லை. எங்கள் காலேஜில் படித்துத் தொழிலில் நன்றாக வந்தவர்கள் சேர்ந்து ஒரு டிரஸ்ட் வைத்திருந்தார்கள். வருஷத்துக்குப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு முழு ஃபீஸும் அவர்களே கட்டுவார்கள். விண்ணப்பம் நூறைத் தாண்டும். நசீமாவுக்கு அது கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் டி.சி. நடுவில் வேறு வழியே இல்லை.

விண்ணப்பம் கொடுக்கத் தாயும் மகளும் சேர்ந்து வந்தார்கள். சூப்ரண்டண்ட் சார் கேட்டார், "வருமானம் எவ்வளவும்மா?"

"வருது சார்."

"வருதுன்னா எவ்வளவு வருது?"

"நாங்க ரெண்டே பேருதானே சார். போதும்."

சார் பேனாவைக் கீழே வைத்தார். "போதும்னா எதுக்கும்மா எங்ககிட்ட வர்றீங்க? பேஜார் பண்ணாதீங்கம்மா."

நசீமா முகம் சிவந்துபோய், "அம்மா, நீ செத்த சும்மா இரேன். சார், நான் சொல்றேன் சார், எழுதிக்குங்க" என்று முன்னால் வந்தாள். அவள் ஒன்றொன்றாகச் சொல்லச் சொல்ல அந்தம்மா சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ வேற்று வீட்டுக் கதையைக் கேட்பதுபோல இருந்தது அவர் முகம். வெளியே போகும்போது மகளிடம் மெதுவாக, "எதுக்குடி அவ்ளோ சொன்னே? ஊருக்கே தெரியணுமா?" என்று கேட்டது எனக்குக் காதில் விழுந்தது.

டிரஸ்ட்காரர்களுக்கு வெறும் காகிதத்தில் நம்பிக்கை இல்லை. தாசில்தார் சர்டிஃபிகேட் எவனும் வாங்கிவிடுவான் என்பார்கள். அதனால் விண்ணப்பம் போட்ட பிள்ளைகளில் தேறினவர்களின் வீட்டுக்கு நேரில் போய்ப் பார்த்து ஒரு படிவம் நிரப்பவேண்டும். வீடு சொந்தமா, வாடகையா? ஓடா, தளமா? அப்புறம் ஒரு கட்டம்: டிவி, ஃபிரிட்ஜ், மின்விசிறி, நாற்காலி, மேஜை, வண்டி. இருந்தால் டிக் அடிக்கணும். கடைசியில் 'பார்வையிட்டவர் கருத்து' என்று இரண்டு வரி. அந்த வேலை எனக்கு வந்தது. மொபெட் வைத்திருந்த டெம்பரரி ஆள் நான் ஒருவன்தான்.

நான் என்னமோ துப்பறியக் கிளம்பின மாதிரிதான் கிளம்பினேன். சானடோரியம் பக்கம் ஒரு வீட்டில் டிவியைப் போர்வை போட்டு மூடி, அதன்மேல் தலையணை வைத்திருந்தார்கள். தலையணையைத் தூக்கிக் காட்டி மடக்கினேன். இன்னொரு வீட்டில் ஃபிரிட்ஜைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிட்டு, அது நின்ற இடத்தில் தரையில் சதுரமாகத் தடம் இருந்ததை மறந்துவிட்டார்கள். அதையும் பிடித்தேன். "கழுகுக் கண்ணுய்யா உனக்கு" என்று சூப்ரண்டண்ட் சார் முதுகில் தட்டினார். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். எல்லோரும் இருப்பதை இல்லை என்று மறைப்பார்கள், கண்டுபிடிப்பதுதான் என் வேலை என்று நினைத்தேன். இல்லாததை இருக்கிறது என்று காட்டுகிற வீடு ஒன்று இருக்கும் என்று என் புத்திக்கு எட்டவில்லை.

சொல்லாமல் திடீரென்று போகவேண்டும் என்பது விதி. ஏரிப் பக்கத்துச் சந்துகளில் வெயிலில் கதவெண் தேட எனக்கு அலுப்பு. வெள்ளிக்கிழமையே நசீமாவைக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமை காலைல வரேன், அம்மாவை வீட்ல இருக்கச் சொல்லு" என்றேன். முதல் தப்பு அதுதான், என்னுடையது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. வாசலில் தண்ணீர் தெளித்திருந்தது. "வாங்க தம்பி, வாங்க வாங்க" என்று அந்தம்மா வாசலுக்கே வந்துவிட்டார். பெருநாளுக்குக் கட்டுகிற புடவை என்று நினைக்கிறேன், மடிப்புக் கலையாமல் இருந்தது. உள்ளே இரண்டு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. எனக்கு நேராக ஒரு ஸ்டாண்ட் ஃபேன், அதன் கம்பிக்கூட்டில் யாரோ ஒரு ரோஸ் ரிப்பனைக் கட்டியிருந்தார்கள், அது படபடவென்று பறந்தது. முன்னால் பூப்போட்ட துணி விரித்த மேஜை. பூப்போட்ட கண்ணாடி கிளாஸில் கலர் சோடா, தட்டில் கிரீம் பிஸ்கட். நசீமா கதவோரம் நின்றாள், உட்காரவில்லை.

நான் கலரைக் குடித்தேன். பிஸ்கட்டையும் தின்றேன். தின்றுகொண்டே நாற்காலிக் கைப்பிடியை விரலால் தடவிக்கொண்டிருந்தேன். கொசுவத்திச் சுருள் பட்டுச் சுட்ட தழும்பு ஒன்று அங்கே இருந்தது.

"ஃபேன் ஒண்ணு, நாற்காலி ரெண்டு, மேஜை ஒண்ணு" என்று எழுதினேன். "இதெல்லாம் உங்களுதுதானேம்மா?"

நசீமா வாயைத் திறந்தாள். அந்தம்மா அவளைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"நம்ம வீட்டுதுதான் தம்பி. நீங்க நல்லா சாஞ்சு உக்காருங்க."

"சாப்பாட்டுக்கெல்லாம் கஷ்டம் இல்லையே?"

"அல்லா புண்ணியத்துல ஒரு குறையும் இல்ல. நல்லா இருக்கோம். இருந்து ஒரு வாய் சாப்ட்டுப் போங்களேன்."

எழுதிக்கொண்டேன். கழுகுக் கண்! ஃபேன் ஒயர் சுவரில் இருக்கும் பிளக்குக்குப் போகாமல் ஜன்னல் வழியாக வெளியே போனதைப் பார்த்தேன், ஏன் என்று கேட்கவில்லை. மேஜைக்கு அடியில் என் கால் ஒரு இரும்பு மிதிபலகையில் பட்டு ஆடியது. அது மேஜையே இல்லை, மெஷினை விற்றுவிட்ட தையல் மெஷின் ஸ்டாண்ட். அதில் காலை வைத்து ஆட்டிக்கொண்டே 'மேஜை' என்று எழுதியிருக்கிறேன். இருந்து சாப்பிடச் சொன்ன வீட்டில், காலை பதினோரு மணிக்கு, அடுப்புப் பக்கமிருந்து ஒரு வாசனையும் வரவில்லை. கருத்து என்ற இடத்தில், 'வசதியான குடும்பம். உதவி தேவையில்லை என்று தாயாரே தெரிவித்தார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கமிட்டி மீட்டிங்கில் அந்த வீட்டை நான் நடித்தே காட்டினேன். அந்தம்மா மாதிரி குரலை மாற்றி, "நல்லா சாஞ்சு உக்காருங்க தம்பி" என்று சொல்லிக் காட்டினேன். கலரும் கிரீம் பிஸ்கட்டும் கொடுத்துவிட்டு ஏழை என்று விண்ணப்பம் போட்டிருக்கிறார்களே என்று எல்லோரும் சிரித்தார்கள். நசீமாவின் பெயரில் சிவப்புக் கோடு விழுந்தது.

சில நாள் கழித்து அதே சந்துக்குப் போக வேண்டியிருந்தது. கடைசி இடத்துக்காகக் கமிட்டி நிறுத்திவைத்திருந்த முதல் வருஷப் பையன் ஒருவனின் விண்ணப்பம். அவன் அம்மா ஸ்டெல்லா, ஒரு நர்சிங் ஹோமில் ஆயா வேலை. நசீமா வீட்டுக்கு அடுத்த வீடுதான். இந்தத் தடவை சொல்லாமல் போனேன்.

"உள்ள வா சார், குந்து" என்று ஸ்டெல்லா நாற்காலியை இழுத்துப் போட்டார். சிவப்பு பிளாஸ்டிக். உட்கார்ந்தேன். என் விரல் தானாகக் கைப்பிடிக்குப் போனது. தழும்பு அங்கே இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் மூலையில் ஸ்டாண்ட் ஃபேன், அதில் ரோஸ் ரிப்பன்.

"இந்த நாற்காலி யாரோடதும்மா?" என்று கேட்டேன்.

"இன்னா சார் இப்டி கேட்டுக்கினு, நம்புளுதுதான். என் தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்குனது. இந்தச் சந்துல யார் வூட்டுக்கு ஆளுங்க வந்தாலும் இதான் போவும். அன்னிக்குக் கூட நசீமா அம்மா வந்து வாங்கிக்கினு போச்சு. காலேஜ்லேர்ந்து சார் வராரு, அவரைப் போயி கீய பாய்ல உக்கார வெக்க முடியுமான்னு கேட்டுச்சு. ஃபேனும் நம்புளுதுதான். அங்க பிளக்கு வேலை செய்யலன்னு நம்ம ஜன்னல்லேர்ந்து ஒயர் வுட்டேன். கிளாஸு மூல வூட்டுது." சிரித்துப் பேசிக்கொண்டே இருந்தவர் நிறுத்தினார். "அந்த சார் நீதானா சார்?"

நான் படிவத்தை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

ஸ்டெல்லாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "சார், அதெல்லாம் அவங்களுதுன்னு எழுதிக்கினு பூட்டியா? ஐயோ, அந்த வூட்ல ஒரு முக்காலி கூட கெடையாதே சார்! கலரு வாங்கத்தான் அன்னிக்கி அரிசி வாங்கல அந்தம்மா."

"நான் பாத்துக்கறேம்மா" என்றேன். "லிஸ்ட் இன்னும் ஒட்டல. நான் பாத்துக்கறேன்."

நிஜமாகவே பார்த்துக்கொள்ளத்தான் போனேன். மறுநாள் காலை சூப்ரண்டண்ட் சார் அறை வாசலில் நின்றேன். டைப் அடித்த லிஸ்ட் அவர் மேஜைமேல் இருந்தது. ஒரு பெயரைச் சேர்க்கவேண்டும், அவ்வளவுதான். டிரஸ்டுக்கு ஒரு போன் போட்டுத் தப்பாக எழுதிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

"வாய்யா கழுகு" என்றார் சார். "உன்னைத்தான் நெனைச்சுக்கிட்டிருந்தேன். உன்னைப் பெர்மனென்ட் பண்ணச் சொல்லி நோட் எழுதியிருக்கேன். வெரிஃபிகேஷன்ல ஒரு தப்பு கூட இல்லாமப் பண்ணியிருக்கான்னு டிரஸ்ட்லயே சொல்றாங்கய்யா. இன்னிக்குக் கையெழுத்தாயிடும். என்ன விஷயம்?"

"ஒண்ணும் இல்ல சார். சும்மாத்தான்" என்றேன்.

டிரஸ்டில் கையெழுத்தாகி நாலைந்து நாளில் வந்த அந்த லிஸ்டை நானே எடுத்துப்போய், நானே பசை தடவி, நானே போர்டில் ஒட்டினேன். ஸ்டெல்லாவின் மகன் பெயர் அதில் இருந்தது. அவன் படிவத்தில் ஃபேன், நாற்காலிக் கட்டங்களை நான் காலியாக விட்டிருந்தேன். சொந்தமாக நாற்காலி வைத்திருந்த வீட்டுக்குப் பணம் போனது. இரவல் வாங்கின வீட்டுக்குப் போகவில்லை. மகளும் தாயும் அன்றைக்கு வந்தார்களா, போர்டைப் பார்த்தார்களா என்று எனக்குத் தெரியாது. நான் அன்று முழுவதும் ரெக்கார்ட் ரூமை விட்டு வெளியே வரவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். கவுண்டரில் முருங்கைக்கீரை வந்தது.

"நசீமாவுக்கு டி.சி. வேணும் தம்பி" என்றார். குரலில் ஒரு சுருக்கம் இல்லை. "சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துல கம்பெனில வேலை கெடைச்சிருக்கு. கம்பெனி பஸ்ஸே வந்து ஏத்திக்கிட்டுப் போவுது. யூனிஃபாரம் குடுக்குறாங்க. நல்ல எடம்."

டி.சி.யில் காரணம் எழுதவேண்டும். 'சொந்தக் காரணம்' என்று எழுதினேன். நானே எழுதிச் சீல் வைத்தேன். அந்தம்மா அதை வாங்கி நாலாய் மடிக்காமல், கசங்காமல், ஒரு அட்டைக்குள் வைத்துக்கொண்டார். "கீரை இளசா இருக்கு, இன்னிக்கே ஆய்ஞ்சுடச் சொல்லுங்க" என்றார். அன்று ராத்திரி என் அம்மா தேங்காய்ப்பூ போட்டுப் பொரியல் செய்திருந்தாள். நன்றாக இருந்தது. இன்னொரு கரண்டி போடச் சொல்லிச் சாப்பிட்டேன். என்னைப் பற்றி எனக்கே அருவருப்பாக இருப்பது டி.சி. எழுதினதற்கு அல்ல, அந்த இன்னொரு கரண்டிக்கு.

அந்த வருஷக் கடைசியில் விடாத மழை. ஏரி நிரம்பிச் சந்தெல்லாம் தண்ணீர். அந்தப் பக்கம் ஒரு நண்பன் வீட்டுக்குப் போயிருந்தேன், திரும்பும்போது மொபெட் தண்ணீரில் நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு வந்தேன். "தம்பி! தம்பி! நனைறீங்களே" என்று குரல். தலையைத் திருப்பாமல் போய்விடலாமா என்று யோசித்தேன். அதற்குள் அந்தம்மா முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்து வண்டியின் பின்னால் கை வைத்துவிட்டார்.

வீட்டுக்குள்ளும் கணுக்கால் தண்ணீர். அந்தத் தையல் மெஷின் ஸ்டாண்டின்மேல் ஸ்டவ்வை வைத்து டீ போட்டார். பரணில் எல்லாவற்றுக்கும் மேலே, பிளாஸ்டிக் கவரில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டி நசீமாவின் காலேஜ் புத்தகங்கள். அரிசி டப்பா அதற்குக் கீழேதான் இருந்தது.

"வீட்டுக்குள்ளயே தண்ணி வந்துடுச்சேம்மா" என்றேன்.

"வந்தது போயிடும் தம்பி. காலு நல்லா குளுகுளுன்னு இருக்கு." டீயை நீட்டிவிட்டு முகம் வாடினார். அந்தம்மா முகம் வாடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "வந்தவங்கள நிக்க வெச்சே குடுக்கிறேன் பாருங்க. அதான் மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு."

தண்ணீரில் நின்றுகொண்டே குடித்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. டீ சூடாக இருந்தது என்று ஊதிக்கொண்டே இருந்துவிட்டேன்.

நாலு வருஷம் கழித்து ரெக்கார்ட் ரூமைக் காலி செய்யச் சொன்னார்கள். மூட்டை மூட்டையாகப் பழைய பேப்பர். அதில் அந்தப் படிவம் கையில் மாட்டியது. என் கையெழுத்து, என் டிக், 'வசதியான குடும்பம்'. பெர்மனென்ட் ஆகி, கல்யாணம் ஆகி, ஒரு பெண் குழந்தையும் பிறந்திருந்தது எனக்கு. குழந்தையைத் தூக்கும்போதெல்லாம் கதவோரம் நின்று வாயைத் திறந்து மூடின நசீமா ஞாபகத்துக்கு வருவாள். அன்று சாயங்காலமே படிவத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு செம்பாக்கத்துக்குப் போனேன். என்ன ஆனாலும் சரி, காலில் விழுந்தாவது சொல்லிவிடுவது என்று.

"வாங்க தம்பி, வாங்க வாங்க" என்று அதே வரவேற்பு. தலைமுடி பாதி நரைத்திருந்தது. கூரை அதே ஆஸ்பெஸ்டாஸ்தான். நசீமா ஷிஃப்டுக்குப் போயிருந்தாள். கம்பெனி லைனில் பத்துப் பொண்ணுங்களுக்கு மேல இப்ப அவதான் சூப்பர்வைசர் என்றார். உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். நீல நிறம். தலைப்பால் ஒரு துடை துடைத்தார்.

"இது நம்மளுதேதான் தம்பி. நசீமா மொத சம்பளத்துல வாங்குனது. இப்ப எழுதிக்குங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். உட்கார்ந்தேன். பையிலிருந்து படிவத்தை எடுக்கக் கையை விட்டேன். "அம்மா, அன்னிக்கு நாற்காலி, ஃபேன் எல்லாம் உங்களுதுன்னு நான்..."

"அட, அதையா இன்னும் வெச்சுக்கிட்டிருக்கீங்க? வீட்டுக்கு வந்தவர்கிட்ட, நீங்க உக்காந்திருக்கிறது இரவல் நாற்காலின்னு எப்படிப்பா சொல்றது? சொன்னா நீங்க எந்திரிச்சிருப்பீங்க. தப்பு என்மேலதான்." கிளாஸை என் கையில் கொடுத்தார். "உங்களுக்கு என்ன தெரியும்? பாத்ததை எழுதுனீங்க. உங்களுக்குத் தெரியாதுல்ல."

என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமாம்மா" என்றேன். "தெரியாது."

"அதான். டீயைக் குடிங்க, ஆறுது."

படிவம் பைக்குள்ளேயே இருந்தது. டீயைக் குடித்து முடித்தேன். போகும்போது கீரை ஒரு கட்டு கொடுத்தார், வாங்கிக்கொண்டேன்.

வெளியே வந்து மொபெட்டை எடுத்தேன். அடுத்த வீட்டு வாசலில் ஸ்டெல்லா குடத்தோடு நின்றார். வணக்கம் சொல்லவில்லை. கிட்டே வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சார், ஒண்ணு கேக்கணும்னு நாலு வருசமா கீது. அன்னிக்கி நீ பாத்துக்கறேன்னு சொல்ட்டுப் பூட்ட. நீ தெரு தாண்டறதுக்குள்ள நான் ஓடிப்போயி அந்தம்மாகிட்ட சொன்னேன். சாருக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு, சரி பண்ணிடறேன்னு சொல்லிக்கிறாருன்னு. லிஸ்டு ஒட்டுற வரைக்கும் ரெண்டு பேரும் தெனம் காலேஜ் வாசல்ல வந்து நின்னுகினு இருந்தாங்க சார். நான்தான் சார் ஆசை காட்டிட்டேன். நீ சொல்லவே இல்லியா சார் அங்க?"

நான் கீரைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்படியென்றால் டி.சி. வாங்க வந்த அன்றைக்கும் அந்தம்மாவுக்குத் தெரியும். மழையில் இறங்கி வந்து வண்டியைத் தள்ளின அன்றைக்கும் தெரியும். இப்போது, இரண்டு நிமிஷத்துக்கு முன்னால், உங்களுக்குத் தெரியாதுல்ல என்று என் கண்ணைப் பார்த்துச் சொன்னபோதும் தெரியும். வீட்டுக்கு வந்தவன் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கக் கூடாது என்று, அந்தத் 'தெரியாது' என்பதையும் ஒரு இரவல் நாற்காலி மாதிரி எங்கிருந்தோ கொண்டுவந்து எனக்குப் போட்டார். நானும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

அந்தம்மாவின் கதவு திறந்தேதான் இருந்தது. பத்து அடி தூரம். திரும்பிப் போய், தெரியும்மா, எல்லாம் தெரிஞ்சுதான் பண்ணேன் என்று சொல்லியிருக்கலாம். நான் போகவில்லை. அதையும் எழுதிக்கொள்கிறேன்.